கல்ச்சர் ரிப்போர்ட் வருவதற்குள்: குழந்தைகளின் செப்சிஸும் மருந்துக்கு அடங்காத கிருமிகளும்

நெல்லைச் சீமையில் பிள்ளைக்கு ரொம்ப முடியவில்லை என்றால் கடைசியில் வந்து சேருகிற இடம் பாளையங்கோட்டை. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியாக இருக்கலாம், வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையாக இருக்கலாம். ஐசியூ வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு முதல் நாள் ஒரு செய்தி வரும்: "ரத்தத்துல கிருமி கலந்திருக்கு, செப்சிஸ்." மூன்றாம் நாள், ரத்தத்தில் இருக்கும் கிருமியை லேப்பில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவோடு இன்னொன்று: "கல்ச்சர் வந்திருக்கும்மா. இது மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி." இடைப்பட்ட இரண்டு நாளில் என்ன நடந்தது என்பது வெளியே நிற்பவர்களுக்குப் புரிவதில்லை. கேள்விகள் இப்படி வருகின்றன:

1. மூன்று நாளாக ஊசி போட்டார்களே, அதெல்லாம் தப்பான மருந்தா?
2. எங்கள் பிள்ளைக்கு இதற்கு முன் ஆன்டிபயாடிக்கே கொடுத்ததில்லை. அப்புறம் எப்படி மருந்து கேட்காமல் போகும்?
3. இதைவிடப் பவரான மருந்து இல்லையா?

மூன்றும் நியாயமான கேள்விகள். மூன்றுக்கும் அடியில் ஒரே சிக்கல்தான் கிடக்கிறது. செப்சிஸ் மணிக்கணக்கில் முற்றுகிறது. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று கண்டுபிடிக்க நாள்கணக்கில் ஆகிறது. அதுவரை டாக்டர் ஊகித்துத்தான் மருந்து போட முடியும். அடங்காத கிருமிகள் பெருகப் பெருக அந்த ஊகம் பொய்த்துப் போகிறது.

செப்சிஸ் என்பது கிருமியின் பெயர் அல்ல

ஊரில் "செப்டிக் ஆயிடுச்சு" என்றால் புண் சீழ் பிடித்துவிட்டது என்று பொருள். ஐசியூவில் சொல்லும் செப்சிஸ் வேறு. நிமோனியா, சிறுநீர்த் தொற்று, மூளைக்காய்ச்சல், தோலில் ஒரு கட்டி என்று தொற்று எதுவாகவும் இருக்கலாம். அதை எதிர்த்து உடம்பு எடுக்கும் நடவடிக்கை கட்டுமீறிப் போய், உடம்பின் சொந்த உறுப்புகளையே கெடுக்கத் தொடங்கினால் அதுதான் செப்சிஸ். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.

உள்ளே நடப்பதைப் பாளையங்கால்வாயை வைத்துச் சொல்லலாம். கால்வாய் நெடுகக் கரை ஓட்டையாகி, வழியெல்லாம் தண்ணீர் கசிந்தால் கடைமடை வயல் காய்ந்துவிடும். செப்சிஸில் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் கசிகிறது, குழாய்கள் தளர்ந்து விரிகின்றன, அங்கங்கே ரத்தம் உறைந்து அடைக்கிறது. சிறுநீரகம், மூளை, குடல் எல்லாம் கடைமடை ஆகிவிடுகின்றன. ரத்த ஓட்டமே தடுமாறும் நிலைக்குப் பெயர் செப்டிக் ஷாக்.

பெரியவர்களிடம் ரத்த அழுத்தம் இறங்குவதைப் பார்த்து ஆபத்தை உணரலாம். குழந்தை ஏமாற்றிவிடும். இதயத்தை வேகமாக அடிக்கவிட்டு, கை கால் குழாய்களைச் சுருக்கி, அழுத்தத்தை விடாமல் தாங்கிப் பிடிக்கும். பிறகு ஒரேயடியாக விழும். அதனால்தான் நர்ஸ் வந்ததும் பிள்ளையின் விரல் நுனியையோ நெஞ்சையோ அழுத்திவிட்டு, வெளுத்த இடம் மறுபடி சிவக்க எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கிறார். இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். மூன்றைத் தாண்டினால் கவலை.

2024 ஜனவரியில் குழந்தைகளின் செப்சிஸுக்கு 'ஃபீனிக்ஸ்' என்ற புதிய அளவுகோல் வந்தது. அதற்கு முன்பிருந்த 2005-ஆம் ஆண்டு வரையறைப்படி தொற்றோடு காய்ச்சலும் வெள்ளையணு மாற்றமும் இருந்தாலே செப்சிஸ் என்று எழுதிவிடலாம். புதியது அப்படி இல்லை. மூச்சு, ரத்த ஓட்டம், ரத்தம் உறைதல், மூளை ஆகிய நான்கையும் பார்த்து மதிப்பெண் போடுகிறது. தொற்றுச் சந்தேகத்தோடு இரண்டு மதிப்பெண் சேர்ந்தால் செப்சிஸ். இந்த அளவுகோலில் சிக்கிய குழந்தைகளில் மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் வசதியுள்ள இடங்களில் 7.1 சதவீதம், வசதி குறைந்த இடங்களில் 28.5 சதவீதம். நோய் ஒன்றுதான். அது எந்த ஊரில் வருகிறது என்பது நான்கு மடங்கு வித்தியாசத்தை உண்டாக்குகிறது.

கிருமிதான் மாறுகிறது, உடம்பு அல்ல

"பிள்ளை உடம்பு மருந்துக்குப் பழகிப்போச்சு" என்று பலரும் சொல்கிறார்கள். அது சரியில்லை. மருந்தை எதிர்க்கும் ஆற்றல் இருப்பது கிருமியிடம். கோடிக்கணக்கான பாக்டீரியாக்களில் ஒன்றிரண்டுக்கு மருந்தைத் தாங்கும் தன்மை ஏதோ தற்செயலாக இருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்றபின் இடமும் இரையும் அந்த ஒன்றிரண்டுக்கே. ஈ.கோலை என்ற குடல் கிருமிக்கு வசதியான சூழல் கிடைத்தால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். காலையில் ஒன்று, ராத்திரிக்குள் ஊர்.

அவை தப்பிக்கும் வழிகள் முக்கியமாக நான்கு:

1. மருந்தை வெட்டிப்போடும் நொதியைச் சுரப்பது. பென்சிலின், செஃப்ட்ரியாக்சோன் போன்றவற்றை இப்படித்தான் முறியடிக்கின்றன.
2. உள்ளே வந்த மருந்தை மோட்டார் வைத்து இறைப்பதுபோல் வெளியேற்றுவது.
3. மருந்து நுழையும் துளைகளை மூடிக்கொள்வது.
4. மருந்து வந்து ஒட்ட வேண்டிய இடத்தின் வடிவத்தை மாற்றிக்கொள்வது.

இதைவிடப் பெரிய தலைவலி, இந்த வித்தை ஒரு கிருமியோடு நிற்பதில்லை என்பது. பரீட்சை ஹாலில் பிட்டு கைமாறுவதுபோல, பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையம் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. வேறு வகுப்புப் பையனுக்கும் பிட்டு போவதுண்டு: கிளெப்சியெல்லா என்ற வேறு இனக் கிருமியிடமிருந்து ஈ.கோலைக்கு. ஒரே பிட்டில் நான்கைந்து மருந்துகளுக்கான விடை எழுதியிருக்கும். 2008-இல் இந்தியாவில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒரு நோயாளியிடம் ஸ்வீடனில் கண்டறியப்பட்ட என்டிஎம்-1 இப்படிப்பட்டதுதான். பல மருந்துகள் தோற்றபின் எடுக்கும் மெரோபெனம் அடங்கிய கார்பபெனம் மருந்துக் குடும்பத்தையே வெட்டும் நொதி அது. 2010-இல் இதைப் பற்றி வந்து உலகத்தைத் திரும்பிப் பார்க்கவைத்த ஆய்வில் சென்னை மாதிரிகளும் இருந்தன.

இரண்டாம் கேள்விக்கு இங்கேயே பதில் இருக்கிறது. பிள்ளை ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருக்கவே வேண்டாம். வேறெங்கோ தேர்ந்து வந்த கிருமி அதன்மேல் ஏறினால் போதும். டெல்லியில் மூன்று பெரிய அரசு மருத்துவமனைகளில் பச்சிளம் குழந்தைகளை வைத்து நடந்து, 2016-இல் வெளிவந்த ஆய்வு இதைப் பளிச்சென்று காட்டியது. செப்சிஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பிறந்த 72 மணி நேரத்துக்குள் வந்தது. பிடிபட்ட கிருமிகளில் அசினெட்டோபாக்டர் 22 சதவீதம், கிளெப்சியெல்லா 17 சதவீதம், ஈ.கோலை 14 சதவீதம். பல மருந்துகளுக்கு ஒருசேர அடங்காதவை முதலாவதில் 82 சதவீதம், அடுத்ததில் 54, மூன்றாவதில் 38. மூன்று நாள் சிசு என்ன மருந்து சாப்பிட்டிருக்கும்?

ஒரு மணி நேரமும் மூன்று நாளும்

குழந்தைகளின் செப்சிஸுக்கான 2020-ஆம் ஆண்டு சர்வதேச வழிகாட்டுதல் சொல்வது: ஷாக் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏறியாக வேண்டும். ஷாக் இல்லாமல் உறுப்புகள் மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால், விசாரித்து முடிக்க மூன்று மணி நேரம் வரை அவகாசம். ஊசிக்கு முன்னால் கல்ச்சருக்கு ரத்தம் எடுக்க வேண்டும். ஆனால் அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

அந்த ரத்தம் எங்கே போகிறது? பச்சிளம் குழந்தையென்றால் ஒரு மில்லி, கொஞ்சம் பெரிய பிள்ளையென்றால் மூன்று நான்கு மில்லி, கிருமிக்கு உணவு கலந்த ஒரு குப்பியில் விடப்படுகிறது. குப்பி உடல் வெப்பத்தில் வைத்திருக்கும் கருவிக்குள் போகும். கிருமி பெருகினால் கரியமில வாயு வரும், கருவி சத்தம் கொடுக்கும். அதற்கு ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். பிறகு அதைத் தட்டில் வளர்த்து, பெயர் கண்டு, ஒவ்வொரு மருந்தாகப் போட்டுப் பார்க்க இன்னொரு நாள்.

கடைசியில் வருவது ஒரு தாள். இடப்பக்கம் மருந்துப் பெயர்கள். வலப்பக்கம் அடங்கும் என்றால் 'எஸ்', அடங்காது என்றால் 'ஆர்'. மோசமான தாள் இப்படி இருக்கும்: செஃப்ட்ரியாக்சோன் ஆர். பைபராசிலின்-டாசோபாக்டம் ஆர். அமிகாசின் ஆர். மெரோபெனம் ஆர். கீழே ஒரு வரியில், இவையெல்லாம் தோற்றால் எடுக்கும் கொலிஸ்டின். அமெரிக்க ஆய்வக விதிகளைப் பின்பற்றும் லேப்களில் கொலிஸ்டினுக்கு நேரே இப்போதெல்லாம் 'எஸ்' போடுவதே இல்லை, நடுத்தரம் அல்லது 'ஆர்' மட்டும்தான். அந்த மருந்தின் மீது அவ்வளவுதான் நம்பிக்கை.

ஆக, முதல் மூன்று நாள் போட்டது தப்பு மருந்து என்று சொல்ல முடியாது. அந்த மருத்துவமனையில் வழக்கமாக எந்தக் கிருமி வருகிறது, எதற்கு அடங்குகிறது என்ற கணக்கை வைத்துப் போட்ட ஊகம் அது. சில பிள்ளைகளுக்கு ஊகம் பலிக்கும். எளிய மருந்துக்கே கிருமி அடங்கும் என்று ரிப்போர்ட் வந்தால், மெரோபெனத்தை நிறுத்திவிட்டு அந்த எளிய மருந்துக்கு மாற்றுவார்கள். "மருந்தைக் குறைச்சிட்டாங்களே" என்று அப்போது குடும்பம் பதறுகிறது. உண்மையில் அது நல்ல சேதி.

'பவர்' என்ற சொல் செய்யும் குழப்பம்

மருந்துகளை நாம் பட்டாசுபோல் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறோம்: சின்னது, பெரிது, ரொம்பப் பெரிது. ஆன்டிபயாடிக் பட்டாசு இல்லை, சாவி. பூட்டுக்குப் பொருந்துகிறதா என்பதே கேள்வி. ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற சீழ்க் கிருமியில் எளிய வகைக்கு க்ளாக்சாசிலினும் செஃபசோலினும் நன்றாக வேலை செய்யும். 'பெரிய' மருந்தான வான்கோமைசின் அங்கே அவற்றைவிட மட்டம்.

நம் பக்கத்தில் இதற்கு இன்னும் நல்ல உதாரணம் உண்ணிக் காய்ச்சல். ஸ்க்ரப் டைஃபஸ் என்பார்கள். புதர்க்காட்டில் இருக்கும் நுண்ணிய சிற்றுண்ணிக் குஞ்சு கடிப்பதால் வருவது; மழைக்காலத்திலும் அடுத்து வரும் பனிக்காலத்திலும் அதிகம். அசல் செப்சிஸ் மாதிரியே ஷாக், நுரையீரல் பாதிப்பு எல்லாம் வரும். இதை உண்டாக்கும் பாக்டீரியா செல்லுக்குள் ஒளிந்து வாழ்வது. மெரோபெனத்தை லிட்டர் கணக்கில் ஏற்றினாலும் அசையாது. விலை குறைந்த பழைய டாக்ஸிசைக்ளினுக்கும் அசித்ரோமைசினுக்கும் அடங்கிவிடும். அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால் சிகரெட் சுட்டதுபோல் வலியில்லாத கறுப்புப் பொருக்கு ஒன்று இருந்தால் துப்பு கிடைத்த மாதிரி. ஆகவே 'ஹெவி டோஸ்' கொடுத்தும் காய்ச்சல் விடவில்லை என்றால் அது எதிர்ப்புக் கிருமியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. டெங்குவாகவும் இருக்கலாம். அது வைரஸ், எந்த ஆன்டிபயாடிக்கும் அதைத் தொடாது.

சரி, மெரோபெனத்துக்கு உண்மையிலேயே அடங்காத கிருமி என்றால்? பெரும்பாலும் கொலிஸ்டின். 1950-களில் புழக்கத்துக்கு வந்து, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970-களில் ஓரங்கட்டப்பட்டு, வேறு வழியில்லாமல் பரணிலிருந்து இறக்கப்பட்ட மருந்து. செப்சிஸில் ஏற்கெனவே சிறுநீர் வராமல் திணறும் பிள்ளைக்கு அதைக் கொடுப்பது எவ்வளவு சங்கடமான கணக்கு என்று யோசித்துப் பாருங்கள். இதே கொலிஸ்டினைக் கோழி கொழுக்கவென்று தீவனத்தில் கலந்து கொண்டிருந்தோம். 2019 ஜூலையில்தான் இந்திய அரசு தடை போட்டது.

புதியவை இல்லாமல் இல்லை. செஃப்டாசிடிம்-அவிபாக்டம் ஓஎக்ஸ்ஏ-48 என்ற நொதியை மடக்கும், என்டிஎம்மை மடக்காது. இந்தியாவில் இரண்டுமே பரவலாக இருப்பதால் கூடவே அஸ்ட்ரியோனாம் என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்து ஓட்டுகிறார்கள். விலை அதிகம். சென்னையின் ஆர்க்கிட் நிறுவனத்தில் பிறந்த என்மெட்டாசோபாக்டம் என்ற துணை மருந்து, செஃபெபிம் ஆன்டிபயாடிக்குடன் சேர்ந்து 2024 பிப்ரவரியில் அமெரிக்க அனுமதி பெற்றது. தமிழ்நாட்டுக்குப் பெருமைதான். ஆனால் அந்த அனுமதி பெரியவர்களின் சிறுநீர்த் தொற்றுக்கு. எந்தப் புது மருந்தும் முதலில் பெரியவர்களிடம்தான் சோதிக்கப்படுகிறது. பிள்ளைகளுக்கான அளவு பின்னால் மெதுவாக வந்து சேரும்.

எங்கிருந்து வருகிறது?

ஐசியூவே ஒரு ஊற்று என்பதை மழுப்பக் கூடாது. கழுத்து ரத்த நாளத்தில் ஒரு குழாய், மூச்சுக்கு ஒரு குழாய், சிறுநீருக்கு ஒன்று. ஒவ்வொன்றும் உடம்பின் இயற்கைக் காவலைத் தாண்டிய பாதை, உட்சுவரில் கிருமி படலமாகப் படியத் தோதான இடம். ஒரு படுக்கையிலிருந்து அடுத்ததற்கு அதைக் கொண்டுபோவது பெரும்பாலும் கை. இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு நர்ஸ் இருந்தால் ஒவ்வொரு முறையும் கை கழுவலாம். ஐந்து பிள்ளைகளைத் தனியாகப் பார்ப்பவரிடம் அதை எதிர்பார்ப்பது எளிதல்ல.

வெளியே பார்த்தால் சாக்கடை. நம் குடலில் இருக்கும் எதிர்ப்புக் கிருமி கழிவுநீரில் சேர்ந்து, அங்கேயும் பிட்டு மாற்றிக்கொள்கிறது. 2011-இல் வந்த ஆய்வில் டெல்லித் தெருக்களில் தேங்கிய தண்ணீர் மாதிரிகள் 171-இல் 51-இலும், குழாய்த் தண்ணீர் மாதிரிகள் 50-இல் 2-இலும் என்டிஎம்-1 மரபணு இருந்தது. தாமிரபரணியில் ஊர்ச் சாக்கடைகள் கலப்பது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போன விவகாரம். அதை மீன், குளியல், அழகு சம்பந்தப்பட்டதாக மட்டும் பேசுகிறோம். குழந்தைகள் ஐசியூவுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

அப்புறம் மருந்துக் கடை. கண்காணித்து விற்க வேண்டிய மருந்துகளுக்கான ஹெச்1 அட்டவணை 2014 மார்ச் 1 அன்று 46 மருந்துகளோடு நடைமுறைக்கு வந்தது. செஃபிக்சைம், செஃப்ட்ரியாக்சோன், மெரோபெனம் எல்லாம் அதில் அடக்கம். விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். அமாக்சிசிலினும் அசித்ரோமைசினும் அந்த முதல் பட்டியலில் இல்லை. ஆனால் அவற்றுக்கும் சீட்டு கட்டாயம். கவுண்டரில் நடப்பது வேறு. "தம்பி, பேத்திக்குச் சளியும் காய்ச்சலும். போன தடவை குடுத்தியே, அந்தப் பொடி மருந்து, அதையே குடு." "சரி ஆச்சி." முடிந்தது.

ஆனால் எல்லாப் பழியையும் ஆச்சியின் தலையில் போடுவதை நான் ஏற்கவில்லை. ஓபியில் பிள்ளைக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கி, எதற்கும் இருக்கட்டும் என்று டாக்டர் எழுதிய செஃபிக்சைமைத்தான் அவர் 'போன தடவை மருந்து' என்று நினைவு வைத்திருக்கிறார்.

இந்தச் சங்கிலியைச் சத்தமில்லாமல் அறுப்பது தடுப்பூசி. பிள்ளைகளுக்கு நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் தரும் ஹிப் கிருமியைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியை அரசுத் திட்டத்தில் 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளாவும். நிமோகாக்கல் ஊசி தமிழ்நாட்டில் 2021-இல் சேர்ந்தது. வராத நிமோனியாவுக்கு மருந்து தேவையில்லை.

எப்போது ஓட வேண்டும், என்ன எடுத்துப் போக வேண்டும்

எதிர்ப்புக் கிருமியைப் பற்றிப் படித்துவிட்டு ஆன்டிபயாடிக் என்றாலே வேண்டாம் என்பது இன்னொரு ஆபத்து. சளிக்கு வேண்டாத அதே மருந்து, செப்சிஸில் ஒரு மணி நேரம் பிந்தினாலும் பிள்ளையைப் பாதிக்கும். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது:

1. மூச்சு வேகம். பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. இவற்றைத் தொட்டாலோ தாண்டினாலோ ஆபத்து.
2. எழுப்பினாலும் சரியாக விழிக்காத சோர்வு, வலிப்பு, பால் குடிக்க மறுப்பது.
3. உடம்பு சுட்டாலும் கை கால் சில்லென்று, தோல் திட்டுத் திட்டாக இருப்பது. அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள்.
4. ஆறு முதல் எட்டு மணி நேரம் சிறுநீர் போகாதது.
5. பச்சிளம் குழந்தைக்குக் காய்ச்சலுக்குப் பதில் உடம்பு குளிர்ந்து போவது.

உரம் விழுந்திருக்கிறது என்று சேலையில் போட்டு உருட்டுவதும், அந்தி நேரத்தில் பள்ளிவாசலில் ஓதிக்கொண்டு வருவதும் நம் ஊர் வழக்கம். மனசுக்குத் தெம்பு என்றால் செய்துகொள்ளலாம். மேலே சொன்ன அறிகுறி இருக்கும் பிள்ளைக்கு அதற்கு நேரமில்லை. களக்காட்டிலிருந்தோ உவரியிலிருந்தோ பாளையங்கோட்டைக்கு வந்து சேரவே ஒரு மணி நேரம் ஓடிவிடும்; மாஞ்சோலை என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு என்று கிளம்பாமல், வழியில் இருக்கும் அரசு ஆஸ்பத்திரியில் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு 108-இல் ஏறுவது நல்லது. மேலே அனுப்புவதற்கு முன் முதல் டோஸ் கொடுத்துவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

இன்னொன்று, வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் நிற்கும் அந்தச் சின்னப் பாட்டில். பொடியாக வரும், ஆறவைத்த கொதிநீரைக் கோடு வரை ஊற்றிக் குலுக்க வேண்டும். கலந்தபின் பல மருந்துகளுக்கு ஆயுள் ஒரு வாரம்தான். காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்தி, கொத்தமல்லிக் கட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுத்த மாதம் தம்பிக்கு ஒரு மூடி. எத்தனை நாள் கொடுக்க வேண்டும் என்பதில் மருத்துவர்களின் கருத்தே மாறிவருகிறது. சாதாரண நிமோனியாவுக்கு மூன்று முதல் ஐந்து நாள் போதும் என்ற நிலைக்கு வந்திருக்கிறார்கள். ஆனால் அந்த நாளை முடிவு செய்வது சீட்டு எழுதியவர் வேலை, பாட்டிலில் மிச்சம் இருக்கிறதா என்பது அல்ல.

மிச்ச மருந்து செய்யும் வேறொரு கெடுதலும் உண்டு. கிருமி சாகாமல், கல்ச்சர் குப்பியில் வளரும் அளவுக்குத் தெம்பும் இல்லாமல் கிடக்கும். ரிப்போர்ட்டில் 'வளர்ச்சி இல்லை' என்று வரும். டாக்டர் மூன்றாம் நாளும் ஊகத்திலேயே ஓட்ட வேண்டியதாகும். ஆகவே வீட்டில் ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால், ஒரு மூடியாக இருந்தாலும், திட்டுவார்கள் என்று மறைக்காமல் கேஸ் ஷீட் எழுதும்போதே சொல்லிவிடுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, பாட்டிலையே கையோடு எடுத்துப் போங்கள்.